ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பதக்கம்: உலோகத்தின் சாட்சியம்

1. பிரச்சினை

1799-ஆம் வருஷம் மே மாதம் 4-ஆம் தேதி, உச்சிவேளை சற்றே கழிந்த சமயத்தில், காவிரியின் பாறைப் படுகையை இறங்கிக் கடந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகள், ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையின் வடமேற்குப் புறத்தில் பீரங்கிக் குண்டுகளால் பிளந்துகிடந்த மதிலின் வழியே உட்புகுந்து, அன்று அந்தி சாய்வதற்குள் திப்பு சுல்தானின் உயிரையும் அவரது ராஜ்யத்தையும் முடிவுக்குக் கொண்டுவந்தன என்பது தென்னாட்டுச் சரித்திரம் படித்த எவரும் அறிந்த செய்தி. அந்த வெற்றியின் ஞாபகார்த்தமாகக் கம்பெனியார் ஒரு பதக்கம் அடிப்பித்துப் படையினருக்கு வழங்கினர் என்பதும் பதக்க ஆராய்ச்சியில் ஈடுபட்டோருக்குப் புதிதன்று. எனினும், பழம்பொருள் கடையிலோ, ஒரு குடும்பத்தின் பெட்டியிலோ, ஏலப் பட்டியலிலோ இப்பதக்கம் தென்படும்போது, சிங்கமும் புலியும் பொறித்த சித்திரத்தைக் கண்ட மாத்திரத்தில் "ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பதக்கம்" என்று பெயர் சொல்லி, அத்துடன் அடையாளங்காணும் காரியம் முடிந்துவிட்டதாகத் திருப்தியடையும் வழக்கம் நீண்ட காலமாக இருந்துவருகிறது.

அவ்வழக்கம் போதுமானதன்று என்பதே இக்கட்டுரையின் கட்சி. ஒரே சித்திரம் ஐந்து வகை உலோகங்களில், இரண்டு நாணயசாலைகளில், இரண்டு குறுக்களவுகளில் வெளிவந்திருக்கையில், சித்திரம் நமக்குச் சம்பவத்தின் பெயரை மட்டுமே தரும். பதக்கத்தை வாங்கியவன் எந்த ராஜதானிப் படையைச் சேர்ந்தவன், எந்தத் தரத்தில் இருந்தவன் என்பவற்றை உலோகத்தையும் அளவையும் சேர்த்துப் பார்த்தே ஊகிக்கவேண்டும். அவ்வூகத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

2. இருபுறச் சித்திரங்கள்

பதக்கத்தின் முகப்பில், புலியொன்றைக் கீழே வீழ்த்தி அதன்மேல் பாய்ந்து அடக்கும் சிங்கம் காணப்படும். சிங்கத்தின் தலைக்கு மேலே பிரிட்டிஷ் ஐக்கியச் சின்னம் தாங்கிய கொடி பறக்கிறது. அக்கொடியில் அரபு எழுத்துகளில் ஒரு வாசகம் இருக்கிறது. கீழே, கோட்டுக்கு அடியில், ரோமானிய எண்களில் 1799 மே 4 என்ற தேதியும், அச்சு வெட்டிய சிற்பி கான்ராட் ஹைன்ரிஹ் கூக்லரின் பெயர் முதலெழுத்துகளான சி. ஹெச். கே. என்பவையும் சிறிதாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பின்புறத்தில் கோட்டையின் மேல் நடந்த தாக்குதல் சித்திரிக்கப்பட்டிருக்கிறது: பிளந்த மதிலை நோக்கி ஏறும் படை, அதற்கு மேலே தாக்குதல் நடந்த வேளையைக் குறிக்கும் உச்சிச் சூரியன். அடியில் பாரசீக எழுத்துகளில், ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை இறைவன் அளித்த கொடை என்ற கருத்தும், ஹிஜ்ரி 1213 துல்கஃதா மாதம் 28 என்ற தேதியும் காணப்படும்.

சிங்கம் பிரிட்டிஷாரையும் புலி மைசூரையும் குறிக்கின்றன என்பதைச் சொல்லித்தான் தெரியவேண்டுமென்பதில்லை. சிம்மாசனம் முதல் பீரங்கி வாய் வரையில், சிப்பாயின் சட்டைத் துணி வரையிலுங்கூட, புலியையும் புலிவரியையும் தம் அரசின் இலச்சினையாகத் திப்பு பரப்பியிருந்தார். கவனிக்கவேண்டிய விசேஷம் கொடியிலுள்ள வாசகமாகும். "அஸதுல்லாஹில் காலிப்", அதாவது இறைவனின் சிங்கமே வெல்லும் என்னும் அவ்வாசகம், ஹஸ்ரத் அலியின் பட்டப்பெயரை ஒட்டி எழுந்தது. திப்புவின் ஆயுதங்களிலும் கொடிகளிலும், எழுத்துகளே வளைந்து நெளிந்து ஒரு புலிமுகமாக அமையும்படி தீட்டப்பட்டது. தோற்ற அரசனின் ஜெயகோஷத்தை எடுத்து வென்றவனின் கொடியில் எழுதி, அவ்வரசனின் புலியையே அதன் கீழ்க் கிடத்தியிருக்கிறார்கள். இதை அலங்காரத்துக்காகச் சேர்த்த கீழ்நாட்டு எழுத்து என்று ஒதுக்கிவிடலாகாது. பர்மிங்காம் பட்டறையிலிருந்த ஒரு ஜெர்மானியச் சிற்பிக்கு இவ்வாசகத்தின் வரலாறு தெரிந்திருக்க நியாயமில்லை. திப்புவின் ஆயுதசாலையைக் கண்ணால் கண்டவர்களோ, கண்டவர்களிடம் கேட்டவர்களோதான் அதைத் தேர்ந்து கொடுத்திருக்கவேண்டும். பரிகாசம் ஆலோசித்துச் செய்யப்பட்டது என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் அப்பரிகாசம் யாரை நோக்கியது? பாரசீகமும் அரபும் படிக்கத் தெரிந்த நவாபுகள், நிஜாமின் பிரதானிகள், அரண்மனை முன்ஷிகள் ஆகியோர் அதை உடனே உணர்ந்திருப்பர். சென்னைப் படையில் சேர்ந்திருந்த தமிழனும் தெலுங்கனும் சிங்கத்தையும் புலியையும் மட்டுமே கண்டிருப்பான்.

3. மயக்கம் தரும் வேறிரு பதக்கங்கள்

"ஸ்ரீரங்கப்பட்டணம்" என்றும் "1799" என்றும் கேட்டவுடனே தவறான பெயர் சூட்டப்படும் பதக்கங்கள் இரண்டு உள்ளன. முதலாவது, மூன்றாம் மைசூர் யுத்தத்துக்காக, 1791-92 என்ற ஆண்டுகளைத் தாங்கிப் பொன்னிலும் வெள்ளியிலும் அடிக்கப்பட்டது. அதில், ஒரு கையில் பிரிட்டிஷ் கொடியும் மறு கையில் தலைகீழாகச் சாய்த்த எதிரியின் கொடியும் ஏந்தி, கவிழ்ந்த பீரங்கியின் மேல் பாதம் வைத்து நிற்கும் சிப்பாயின் உருவம் உண்டு. பின்னணியில் தெரியும் கோட்டை ஸ்ரீரங்கப்பட்டணமே. ஆனால் மறுபுறத்தில் "மைசூரில் புரிந்த சேவைக்காக" என்ற ஆங்கில வாசகம் தெளிவாக இருப்பதால், படிக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு இதில் மயக்கம் நேராது.

இரண்டாவது சற்றே வஞ்சகமானது. 1851-இல் விக்டோரியா அரசியின் சம்மதத்துடன் ஏற்பட்ட "இந்திய ராணுவப் பதக்கம்" மறுபுறத்தில் 1799 முதல் 1826 வரை என்று குறிப்பிடுகிறது. ஆண்டைப் பார்த்து, இது திப்புவின் யுத்தத்துக்கானது என்று கருதுவோர் உளர். உண்மையில் அப்பதக்கத்தின் பட்டைகளில் குறிக்கப்படும் யுத்தங்கள் 1803-ஆம் வருஷத்து அலிகர் முற்றுகையிலிருந்தே தொடங்குகின்றன. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அதில் பட்டை கிடையாது. அரசியின் தலை பொறித்திருப்பதும், வெளிர்நீல நாடாவும், எல்லாவற்றுக்கும் மேலாக விளிம்பில் வாங்கியவரின் பெயர் வெட்டப்பட்டிருப்பதும் அதைப் பிரித்துக் காட்டும் அடையாளங்கள். 1799 என்றாலே தமிழ்நாட்டில் பலருக்கும் பாஞ்சாலங்குறிச்சியும் கயத்தாற்றுப் புளியமரமும் நினைவுக்கு வருவது இயல்பு. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது அதே ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதியாகையால், மே 4 என்ற தேதி தாங்கிய பதக்கத்துக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை.

4. இரு நாணயசாலைகள், இரு அளவுகள்

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம். கூக்லர் வெட்டிய அச்சுகளைக் கொண்டு பதக்கம் அடித்தது, பர்மிங்காமுக்கு அருகில் மாத்யூ போல்டன் நீராவி யந்திரங்களால் நடத்திவந்த சோஹோ நாணயசாலை. 1797-இல் இங்கிலாந்துக்கு அடித்த கனத்த செப்புப் பென்னிகளாலும், சென்னை ராஜதானிக்கு அடித்தனுப்பிய செப்புக் காசுகளாலும் புகழ் பெற்ற சாலை அது. சென்னைக்கென்று 1808-ஆம் ஆண்டு முத்திரையிட்ட பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை ஏற்றிவந்த "அட்மிரல் கார்டனர்" என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையோரத்திலேயே குட்வின் மணல்திட்டில் மூழ்கிப்போனதால், நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் கடலடியில் கிடந்து மீண்ட அக்காசுகள் இன்று சேகரிப்போர் கையில் தாராளமாகப் புழங்குகின்றன. சோஹோ வேலையின் கூர்மை எத்தகையதென்பதை அறிய விரும்புவோர் அவற்றில் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் போதும்.

சோஹோவில் அடித்த பதக்கத்தின் குறுக்களவு 48 மில்லிமீட்டர். நூல்கள் தரும் கணக்குப்படி, அங்கே பொன்னில் 30, பொன்முலாம் பூசிய வெள்ளியில் 185, வெள்ளியில் 850, வெண்கலத்தில் 5,000, வெள்ளீயத்தில் 45,000 பதக்கங்கள் அடிக்கப்பட்டன. இதைத் தவிர, கல்கத்தா நாணயசாலையில் அதே சித்திரத்தைப் பின்பற்றி, 45 மில்லிமீட்டர் குறுக்களவில், சற்று முரட்டு வேலைப்பாட்டுடன், பொன்னில் 83 பதக்கங்களும் வெள்ளியில் 2,786 பதக்கங்களும் அடிக்கப்பட்டன. வெண்கலமும் வெள்ளீயமும் கல்கத்தாவில் இல்லை.

உலோகத்துக்கும் தரத்துக்கும் உள்ள சம்பந்தம் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவது இது: பொன், கவர்னர்-ஜெனரலுக்கும் தளபதிகளுக்கும் சமஸ்தானாதிபதிகளுக்கும், முலாம் பூசிய வெள்ளி, மேஜர் முதலான மேலதிகாரிகளுக்கு, வெள்ளி, காப்டன்களுக்கும் அவர்களுக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிகளுக்கும், வெண்கலம், சார்ஜெண்டு ஹவில்தார் தரத்தாருக்கு, வெள்ளீயம், சாதாரண சோல்ஜருக்கும் சிப்பாய்க்கும். சோஹோவின் எண்ணிக்கையோடு இந்த அட்டவணை அழகாகப் பொருந்துகிறது. ஆனால் பல நூல்கள் இரு நாணயசாலைகளின் எண்ணிக்கையையும் கூட்டி, பொன் 113, வெள்ளி 3,636 என்று ஒரே வரியில் எழுதிவிடுகின்றன. அக்கூட்டலே குழப்பத்துக்கு விதையாகிறது. கூட்டிய தொகையை வைத்துக்கொண்டு மேற்சொன்ன அட்டவணையைப் படித்தால், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காப்டன்களும் லெப்டினென்டுகளும் மூவாயிரத்து அறுநூறு பேர் இருந்தார்கள் என்ற அபத்தமான முடிவுக்கு வரவேண்டியிருக்கும். தளபதி ஹாரிஸ் தலைமையில் 1799 பிப்ரவரி 14-இல் வேலூரிலிருந்து கிளம்பி, ஆம்பூரில் நிஜாமின் படையையும் சேர்த்துக்கொண்டு, ராயக்கோட்டைப் பக்கமாக மைசூர் எல்லையைத் தாண்டிய சேனையிலும் சரி, மலையாளக் கரையிலிருந்து ஏறிவந்த பம்பாய்ச் சேனையிலும் சரி, அத்தனை அதிகாரிகளுக்கு இடமேயில்லை.

அப்படியானால் கல்கத்தாவில் அடித்த 2,786 வெள்ளிப் பதக்கங்களும் யாருக்காக? எண்களே ஒரு குறிப்புத் தருகின்றன. பொன் 83, வெள்ளி 2,786: பொன் வாங்கியவர் ஒருவருக்கு வெள்ளி வாங்கியவர் ஏறத்தாழ முப்பத்து நான்கு பேர். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சுபேதாரும் ஒரு ஜமேதாரும் அவர்களுக்குக் கீழே ஹவில்தார், நாயக், சிப்பாய் என்று சற்றேறக்குறைய எழுபது எண்பது பேரும் கொண்ட சுதேசிப் பட்டாளத்தின் அமைப்பை மனத்தில் கொண்டால், இவ்விகிதம் தற்செயலானதாகத் தோன்றவில்லை. ஹாரிஸின் சேனையில் வங்காளத்திலிருந்து வந்த மூன்று தொண்டர் பட்டாளங்கள் இருந்தன. அவர்களது சுதேசி அதிகாரிகளுக்குப் பொன்னும் மற்றவர்களுக்கு வெள்ளியும் என்று கல்கத்தா சர்க்கார் தன் நாணயசாலையிலேயே அடித்துக்கொண்டது என்று கொண்டால் எண்ணிக்கையும் பொருந்துகிறது, அளவு வேறுபட்டதற்கும் காரணம் விளங்குகிறது. ஆகையால், 45 மில்லிமீட்டர் வெள்ளிப் பதக்கமொன்றைக் கண்டு "இது ஒரு வெள்ளைக்கார காப்டனுடையது" என்று எழுதிவைப்பவர், உலோகத்தைச் சரியாகப் பார்த்தும் அளவை மறந்ததனால், வங்காளத்துச் சிப்பாயின் உடைமையை இன்னொருவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்.

5. வெள்ளீயத்தின் கதை

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வங்காளச் சிப்பாய்க்கு வெள்ளி கிடைத்திருந்தால், அதே மதிலின் மேல் அவனோடு ஏறிய சென்னைச் சிப்பாய்க்கு ஏன் வெள்ளீயம்?

கம்பெனி தன் சிப்பாய்களுக்குப் பதக்கம் அளிக்கும் வழக்கம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கியதன்று. 1778 முதல் 1784 வரை மேற்குக் கரையிலும் கர்நாடகத்திலும் போரிட்ட வங்காளப் படையினருக்காக 1784-இல் அடித்த தக்காணப் பதக்கமும், முன்னே சொன்ன மைசூர்ப் பதக்கமும், 1795-96-இல் இலங்கையை டச்சுக்காரரிடமிருந்து பிடித்ததற்காக வங்காள பீரங்கிப் படையினருக்குப் பொன்னில் இரண்டும் வெள்ளியில் நூற்றிருபத்தொன்றுமாக அடித்த பதக்கமும், 1801-இல் எகிப்துக்குச் சென்ற இந்தியப் படையினருக்கு அளித்த பதக்கமும், ஆகிய எல்லாம் பொன்னும் வெள்ளியுமே. அவை சுதேசிப் படையினருக்கென்றே ஏற்பட்டவை. ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பதக்கமோ ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் பொதுவாக வழங்கப்பட்டது. அங்கேதான் உலோகங்களின் ஏணியும் தோன்றுகிறது.

இதற்குச் சிக்கனமே காரணம் என்பர் சிலர். நாற்பத்தையாயிரம் பதக்கங்களை வெள்ளியில் அடிப்பது பெருஞ்செலவுதான்; அதை மறுப்பதற்கில்லை. சோஹோவில் இது வழக்கமாகவும் இருந்தது: டிரபால்கர் கடற்போருக்காகப் போல்டன் தன் சொந்தச் செலவில், அதே கூக்லரின் கைவேலையில், அடித்துக் கொடுத்த பதக்கத்திலும் மாலுமிகளுக்குக் கிடைத்தது ஈயக் கலப்புத்தான், அவர்களில் பலர் அதைக் கடலில் எறிந்துவிட்டார்கள் என்று ஒரு கர்ணபரம்பரைச் செய்தியும் உண்டு. ஆயினும், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்த கொள்ளைப் பணத்தில் ஹாரிஸின் பங்கு மட்டுமே ஒரு லட்சத்து நாற்பதினாயிரம் பவுனைத் தாண்டியதையும், அச்சேனையின் அதிகாரி ஆர்தர் வெல்லெஸ்லிக்கு நாலாயிரம் பவுன் வந்ததையும், சிப்பாய்க்குச் சில பவுன்களே சேர்ந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பணமில்லாக் குறை என்று யாரும் சொல்லத் துணியமாட்டார். 1784 முதல் வெள்ளி வாங்கிப் பழகியவன் வங்காளச் சிப்பாய். அவனுக்கு அதைவிடக் குறைத்துக் கொடுக்கக் கல்கத்தாவுக்கு மனம் வந்திராது. சென்னைச் சிப்பாயின் விஷயத்தில் அப்படிக் காப்பாற்றவேண்டிய சம்பிரதாயம் ஒன்று லண்டனைக் கட்டுப்படுத்தவில்லை. சிக்கனம் உண்மையானாலும், யாரிடத்தில் சிக்கனம் செய்வது என்பதை வழக்கமே நிர்ணயித்தது என்பது என் அபிப்பிராயம்.

1799-இல் தீர்மானிக்கப்பட்ட பதக்கம் படையினர் கையை அடைந்தது 1808-இல். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில்தான் வேலூர் நிகழ்ந்தது. புதிய தலைப்பாகையும், நெற்றிச் சின்னத் தடையும், மீசை பற்றிய கட்டளையும் மூட்டிய சினத்தில், திப்புவின் புதல்வர்கள் காவலில் இருந்த அதே வேலூர்க் கோட்டையில், 1806 ஜூலை 10-ஆம் தேதி சென்னைச் சிப்பாய்கள் எழுந்து, மைசூரின் புலிவரிக் கொடியை ஏற்றினார்கள். சேனை 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிப் புறப்பட்டதும் அவ்வூரிலிருந்தே. புலியைச் சிங்கம் அடக்கும் சித்திரம், அக்கொடி பறந்து இரண்டாண்டு கழிந்தபின், அந்தப் படையின் வரிசைகளிலேயே வினியோகிக்கப்பட்டது. இதனால் வெள்ளீயப் பதக்கத்தைச் "சிப்பாயின் ராஜவிசுவாசச் சின்னம்" என்று வருணிக்கும் பழைய நூல்களின் சொற்றொடரை நான் ஏற்கத் தயங்குகிறேன்.

6. கையில் எடுத்துப் பார்க்கும்போது

வெள்ளீயம் மிருதுவான உலோகம். அதனால் மேடான இடங்களே முதலில் தேய்ந்து மறையும்: சிங்கத்தின் பிடரி மயிர் மழமழப்பாகி, புலியின் வரிகள் அழிந்து, தாக்கும் படையினர் வெறும் புள்ளிகளாகிவிடுவர், பள்ளமான பாரசீக எழுத்துகளின் ஓரம் மாத்திரம் கடைசிவரை நிற்கும். நிறம் மங்கிய சாம்பல். அதே அச்சில் அடித்த வெள்ளியைக் காட்டிலும் எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருக்கவேண்டும். இதற்கு மாறாகப் பதக்கம் கையில் கனத்து, வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் கரிய கோடு விழுமானால், அது வெள்ளீயமன்று, காரீயத்தில் வார்த்த பிரதி. வார்ப்புப் பிரதிகளை வேறு வகையிலும் கண்டுகொள்ளலாம்: உருக்கிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால் குறுக்களவு 48-க்குச் சிறிது குறையும், பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தென்படும், விளிம்பைச் சுற்றி இரு பாதிகள் கூடிய மெல்லிய கோடோ, அதை அரத்தால் ராவிய தடமோ இருக்கும். குறுக்களவு 45-க்கும் 48-க்கும் இடையில் நின்றுவிட்டால் முதலில் வார்ப்பையே சந்தேகிக்கவேண்டும்.

மறுபக்கத்தில், அளவுக்கு மீறிய புதுமையும் சந்தேகத்துக்குரியதே. 1850-இல் சோஹோ நாணயசாலையின் தளவாடங்கள் ஏலத்தில் போனபோது, பழைய அச்சுகள் பல டெய்லர் என்னும் லண்டன் பட்டறைக்காரர் வசம் சேர்ந்தன. அவற்றைக் கொண்டு அவர் சேகரிப்போருக்காக மறுபடி அடித்துத் தள்ளினார் என்பது நாணய ஆராய்ச்சியாளர் அனைவரும் ஒப்புக்கொண்ட செய்தி.

வளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பதக்கம் கம்பெனியிடமிருந்து வந்தபோது வளையமும் இல்லை, கொக்கியும் இல்லை, நாடாவும் இல்லை. வாங்கியவர்கள் தத்தம் விருப்பப்படி தட்டானிடம் கொடுத்துப் பொருத்திக்கொண்டனர். அதிகாரிகள் சிலர் பொற்சட்டத்தில் கண்ணாடி பதித்தனர். ஆகையால் வளையம் இருப்பதைக் கொண்டு பதக்கம் போலி என்றோ, இல்லாததைக் கொண்டு குறையுள்ளது என்றோ விலை பேசும் வியாபாரிகளின் வாதத்துக்கு ஆதாரமில்லை.

7. பெயர் இல்லாமை

1851-இன் இந்திய ராணுவப் பதக்கத்தின் விளிம்பைப்போல் இப்பதக்கத்தின் விளிம்பு பேசுவதில்லை. எந்த உலோகத்திலும் இது பெயரின்றியே வழங்கப்பட்டது. பெயர் வெட்டியிருந்தால் அது பிற்காலத்துத் தனிப்பட்ட கைவேலை. அது பொய் என்று அர்த்தமில்லை. ஆனால் வேறு சாட்சியம் வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள சென்னை ராணுவத் துறைக் கட்டுகளும், லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களும் அதிகாரிகளின் பெயரைத் தேடித் தரக்கூடியவை. வெள்ளீயத்தின் விஷயத்தில் அப்பிரயத்தனம் பெரும்பாலும் பலிப்பதில்லை. நாற்பத்தையாயிரத்தில் ஒன்று யாருடையது என்று சொல்ல, அது வழிவழியாக ஒரே குடும்பத்தில் இருந்துவந்தது என்ற செய்தியும், அச்செய்திக்கு ஆதாரமாக ஒரு பென்ஷன் காகிதமோ டிஸ்சார்ஜ் சீட்டோ சேர்ந்து கிடைக்கவேண்டும்.

ஆதலின் காட்சிச்சாலைகளிலும் தனியார் சேகரிப்புகளிலும் இப்பதக்கத்துக்கு எழுதப்படும் சீட்டில், "திப்பு சுல்தானை வென்ற பதக்கம், 1799" என்ற ஒரே வாக்கியத்துக்குப் பதிலாக, உலோகம், மில்லிமீட்டரில் குறுக்களவு, கிராமில் எடை, எந்த நாணயசாலை, வளையம் பிற்காலத்ததா, பெயர் வெட்டியிருந்தால் அது யார் கைவேலை என்பவை தனித்தனியே இடம்பெறவேண்டும். 48 மில்லிமீட்டர் வெள்ளீயமாயின், "சோஹோ, ஐரோப்பிய அல்லது சுதேசிச் சாதாரணப் படைவீரருக்குரியது" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்ப்பதற்கில்லை. 45 மில்லிமீட்டர் வெள்ளியாயின், "கல்கத்தா, வங்காளத் தொண்டர் பட்டாளத்துச் சிப்பாய்க்குரியதாகலாம்" என்று எழுதி, "ஆகலாம்" என்பதை அடித்துவிடாமல் வைத்திருக்கவேண்டும்.